ஓர் இளம் ஆய்வாளரைத் தாங்கிய கைகள்



அண்மையில் எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்தபின், என் முன்னாள் மாணவர் ஒருவரின் தாயார் என்னிடம் வந்தார். அவருடைய இளைய மகன் பல்கலைக்கழகமொன்றில் உயிர்மருத்துவத் துறையில் முனைவர்ப் பட்ட ஆய்வு மேற்கொண்டு வருகிறான்.

"சார், வயசு இருபத்தெட்டு ஆச்சு. இன்னும் படிச்சுக்கிட்டேதான் இருக்கான். எப்போ சார் வேலைக்குப் போவான்?" என்று கேட்டார்.

அக்கேள்வியில் கோபம் இல்லை, கவலையே இருந்தது. என்னால் உடனே விடை கூற இயலவில்லை. வீடு திரும்பும் வழியில் என் நினைவுக்கு வந்தவர் மருத்துவ ஆய்வாளர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவருடைய வரலாற்றில் அத்தாயின் கேள்விக்கு ஒரு விடை உண்டு என எண்ணுகிறேன்.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் அவர் தேறியது மூன்றாவது முயற்சியில்தான். தேர்வு முடிவைக் கொண்டே பிள்ளைகளை எடைபோடும் நாம் இதனைச் சற்று நினைவில் கொள்ள வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியில் அவர் பயிலவும், பின்னர் அமெரிக்கா செல்லவும் பொருளுதவி செய்தவர் அவருடைய மாமனார். அவரைத் தாங்கிய முதல் கை குடும்பத்தின் கையே.

1920-களின் தொடக்கத்தில் அவர் பாஸ்டன் நகரை அடைந்து ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பிழைப்பிற்காக மருத்துவமனை ஒன்றில் இரவுநேரக் கடைநிலைப் பணியாளராக வேலை செய்துகொண்டே பயின்றார். அங்கே உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் ஆய்வகத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசின் அளவை, சோதனையில் தோன்றும் நீல நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு கணக்கிடும் முறையை இருவரும் உருவாக்கினர். 1925-இல் அது ஆய்விதழில் வெளிவந்தபோது, அதில் ஆசிரியரின் பெயரோடு மாணவரின் பெயரும் இடம்பெற்றது. இன்றளவும் அது 'ஃபிஸ்க் - சுப்பாராவ் முறை' என்றே வழங்கப்படுகிறது. இஃது இரண்டாவது கை.

தொடர்ந்து, தசைகளில் ஆற்றலைத் தாங்கி நிற்கும் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளை 1927-இலும், ஏ.டி.பி. என்னும் பொருளை 1929-இலும் இருவரும் அறிவித்தனர். 1930-இல் சுப்பாராவ் முனைவர்ப் பட்டம் பெற்றார்.

இதற்குப் பிறகுதான் வரலாறு நம்மை வருந்தச் செய்கிறது. பட்டம் பெற்றுப் பத்தாண்டுகள் ஆகியும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பேராசிரியர் பதவி கிட்டவில்லை. பின்னாளில், 1988-இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்கள் உரிய காலத்தில் வெளியிடப்படாமையால், அவற்றைப் பிறர் மீண்டும் கண்டறிய நேர்ந்தது எனக் குறிப்பிட்டுள்ளார். ஒரு காலத்தில் பெயரை முன்னே நிறுத்திய அதே சூழலில் பிறகு உழைப்பு இருட்டில் கிடந்தது. இழப்பு சுப்பாராவுக்கு மட்டும் உரியதன்று; நோயாளிகளுக்கும் உரியது.

1940-இல் அவர் பல்கலைக்கழகத்தை விட்டு லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்திற்குச் சென்றார். அங்கே இளம் ஆய்வாளர் குழுவை வழிநடத்தும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. எட்டே ஆண்டுகளில் விளைந்தவை எத்தனை! யானைக்கால் நோய்க்கான மருந்து, ஆரியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்ட முதல் மருந்துகள் ஆகியவை அக்குழுவின் உழைப்பில் பிறந்தவை. கருவுற்ற தாய்மார்கள் இன்று கிளினிக்கில் பெறும் ஃபோலிக் அமில மாத்திரைக்கும் அக்குழுவினர் வழிவகுத்தனர்.

ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்ததை அறிவிக்கும் 1945-ஆம் ஆண்டுக் கட்டுரையில் 16 பேரின் பெயர்கள் உள்ளன. சுப்பாராவின் பெயர் ஏழாவதாக வருகிறது. குழுவின் தலைவர் நடுவில் ஒருவராக நிற்கிறார்.

1948-இல், தம் 53-ஆம் வயதில் அவர் மறைந்தார். தாயகத்திற்கு அவர் திரும்பவே இல்லை. மனைவி இந்தியாவிலேயே இருந்தார். ஆய்வாளரின் குடும்பம் செலுத்தும் விலையையும் நாம் மறக்கலாகாது.

திறமை மட்டும் போதும் எனப் பல்கலைக்கழகங்கள் இன்று விட்டுவிடுவதில்லை. முனைவர்ப் பட்டத்திற்குப் பின் சொந்த ஆய்வகம் அமைக்கும் காலம் வரை துணைநிற்கும் உதவித்தொகைத் திட்டமொன்றை அமெரிக்கத் தேசிய நலவாழ்வுக் கழகங்கள் 2006-இல் தொடங்கின. பிரிட்டனில் 2019-இல் திருத்தப்பட்ட ஆய்வாளர் உடன்படிக்கை, ஒவ்வோர் ஆய்வாளருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 10 நாள் தொழில் வளர்ச்சிக்கென ஒதுக்கப்பட வேண்டும் என்கிறது. சுப்பாராவுக்கு இவை எதுவும் இல்லை.

இங்கு என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் மூவர் செய்த அறிவியல் செயல்திட்டம் பரிசு பெற்றது. அறிக்கையின் முகப்பில் பள்ளியின் பெயரையும் என் பெயரையும் மட்டுமே அச்சிட்டிருந்தேன். "ஐயா, எங்க பேரு எங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அன்று சிரித்ததற்காக இன்று வெட்கப்படுகிறேன். அதன்பின் எந்தச் செயல்திட்டத்திலும் மாணவர் பெயரே முதலில் வருகிறது.

மறுநாள் அத்தாயாரைத் தொலைபேசியில் அழைத்தேன். "அம்மா, அவன் செய்வது படிப்பு மட்டுமன்று, வேலையும்தான். எப்போது முடியும் என்று கேட்காதீர்கள். மேற்பார்வையாளர் அவனை அடிக்கடி சந்திக்கிறாரா, கட்டுரையில் அவன் பெயர் வருகிறதா, பட்டத்திற்குப் பின் என்ன வழி என்று யாராவது அவனோடு பேசினார்களா என்று கேளுங்கள்" என்றேன்.

சற்று நேரம் அமைதியாக இருந்தார். பிறகு, "இதெல்லாம் நான் கேட்டதே இல்ல சார். இன்னைக்குக் கேக்கிறேன்" என்றார்.

அறிவியல் படிக்கும் பிள்ளைகள் உங்கள் இல்லங்களிலும் இருப்பின், நீங்களும் கேட்டுப் பாருங்கள்.