டைமிங் பெல்ட்: ஒரு ரப்பர் பட்டையின் கதை

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகிறவர்கள் பெயிண்டைத் தடவிப் பார்ப்பார்கள், டயரை உதைத்துப் பார்ப்பார்கள், ஏசி போட்டுப் பார்ப்பார்கள். "டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?" என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்விக்குப் பின்னால் நல்லதொரு வரலாறு இருக்கிறது. காமர்ஸ் மாணவனுக்கு இன்ஜினில் என்ன வேலை என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள், கடைசியில் இது கணக்குப் பாடத்தில்தான் வந்து நிற்கும்.

முதலில் அது செய்யும் வேலையைப் பார்த்துவிடுவோம். இன்ஜினுக்குள் பிஸ்டன்கள் மேலும் கீழும் போய் கிராங்க்ஷாஃப்டைச் சுழற்றுகின்றன. மேலே இருக்கும் கேம்ஷாஃப்ட், காற்று உள்ளே வரவும் புகை வெளியே போகவும் வால்வுகளைத் திறந்து மூடுகிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்தக் கணக்கு ஒரு பல் கூடப் பிசகக் கூடாது. பல காலம் இந்த வேலையைப் பல்சக்கரங்களோ இரும்புச் செயினோதான் செய்து வந்தன.

பல் வைத்த ரப்பர் பெல்ட் பிறந்தது காருக்காக அல்ல, தையல் மெஷினுக்காக! 1940களில் அமெரிக்காவின் யுனைடெட் ஸ்டேட்ஸ் ரப்பர் கம்பெனி (பிற்காலத்து யூனிராயல்), சிங்கர் தையல் மெஷினில் மேலே ஊசியும் கீழே பாபினும் ஒரே தாளத்தில் ஓடுவதற்காக இதை உருவாக்கியது. சாதாரண பெல்ட் வழுக்கும், பல் வைத்தது வழுக்காது. 1954-இல் பில் டெவின் என்ற அமெரிக்கர் தன் ரேஸ் காரின் இன்ஜினில் இதைப் போட்டு ஓட்டினார்.

கடையில் விற்கும் காருக்கு இதை முதலில் கொண்டுவந்தது ஃபோர்டோ ஃபியட்டோ அல்ல. ஜெர்மனியின் பவேரியாவில், டிங்கோல்ஃபிங் என்ற சிற்றூரில் இருந்த ஹான்ஸ் கிளாஸ் நிறுவனம். விதை விதைக்கும் கருவி போன்ற விவசாய இயந்திரங்கள் செய்துகொண்டிருந்தவர்கள் பிறகு ஸ்கூட்டர் செய்தார்கள், 1955-இல் 'கோகோமொபில்' என்ற குட்டிக் காரும் செய்தார்கள். 1962-இல் விற்பனைக்கு வந்த அவர்களுடைய கிளாஸ் 1004 காரில்தான் ரப்பர் டைமிங் பெல்ட் முதன்முதலில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது. பணநெருக்கடியில் இருந்த அந்த நிறுவனத்தை 1966-இல் பி.எம்.டபிள்யூ. வாங்கிவிட்டது. கிளாஸ் என்ற பெயர் மறைந்தது, பெல்ட் மட்டும் பிழைத்துக்கொண்டது.

பிறகு பெரிய நிறுவனங்கள் பின்தொடர்ந்தன. 1966 மாடல் போன்டியாக் காருக்கு ஜான் டெலோரியன் தலைமையில் பெல்ட் வைத்த ஆறு சிலிண்டர் இன்ஜின் வந்தது. அதே ஆண்டு இத்தாலியில், ஃபெராரியில் வேலை பார்த்திருந்த அவுரேலியோ லாம்ப்ரெடி ஃபியட்டுக்காக இரட்டை கேம்ஷாஃப்ட் இன்ஜினைப் பெல்ட்டோடு வடிவமைத்தார். 1970களிலும் 80களிலும் சிறிய, நடுத்தரக் கார்களில் பெல்ட் மிகச் சாதாரணமானது. நம் ஊரில் 1983-இல் வந்த மாருதி 800-இலும் பெல்ட்தான். 1998-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த ஹூண்டாய் சான்ட்ரோவிலும் பெல்ட்தான்.

ஏன் இவ்வளவு வரவேற்பு? பெல்ட் மலிவு, எடை குறைவு, சத்தம் இல்லை, எண்ணெய் வேண்டாம். செயின் எண்ணெயில் குளித்துக்கொண்டே ஓட வேண்டும், அதற்குத் தனி அறையும் சீலும் தேவை. பெல்ட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி போதும்.

ஆனால் இங்கேதான் விஷயம் இருக்கிறது. செயின் தேய்ந்தால் பெரும்பாலும் கடகடவென்று சத்தம் போட்டு முன்கூட்டியே சொல்லும். பெல்ட் பெரும்பாலும் சொல்லாது. அதன் பலமெல்லாம் ரப்பருக்குள் ஓடும் கண்ணாடி இழைகளில் இருக்கிறது, அது வெளியே தெரியாது. 1980களில் வந்த எச்.என்.பி.ஆர். என்ற உயர்ரக ரப்பர் வெப்பத்தை நன்றாகத் தாங்கியது, ஆயுளும் கூடியது. ஆனால் பழைய ரப்பரில் தெரிந்த வெடிப்புகள் இதில் பெரும்பாலும் தெரிவதில்லை. மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

அறுந்தால் என்ன ஆகும்? சில இன்ஜின்களில் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். ஆனால் பல இன்ஜின்களில் திறந்திருக்கும் வால்வும் மேலே வரும் பிஸ்டனும் ஒரே இடத்தை வேறு வேறு நேரத்தில் பயன்படுத்துகின்றன. தாளம் தவறினால் இரண்டும் மோதும். வால்வு வளையும், சில சமயம் பிஸ்டனே உடையும். பழைய கார் என்றால் ரிப்பேர் செலவு வண்டியின் விலையையே நெருங்கிவிடும்.

அதனால்தான் பெல்ட்டோடு சேர்ந்து கையேட்டில் ஒரு எண்ணும் வந்தது: இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது. ஆண்டுக் கணக்கைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். ஓடாமல் நிற்கும் காரிலும் ரப்பர் கிழடு தட்டும். இதற்கு நல்ல உதாரணம் ஃபெராரி. வருடத்துக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடும் எஃப்355 காருக்கும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இன்ஜினையே கீழே இறக்கிப் பெல்ட் மாற்ற வேண்டியிருந்தது. 2004-இல் வந்த எஃப்430-இல் ஃபெராரி செயினுக்கு மாறிவிட்டது. 2000களில் ஹோண்டா, மாருதி உட்படப் பல நிறுவனங்களின் புதிய இன்ஜின்களிலும் செயின் திரும்பி வந்தது.

இனி கணக்குப் பாடம். பெல்ட் வந்ததால் தயாரிப்பாளருக்குச் செலவு மிச்சமானது. அந்தச் செலவு காணாமல் போகவில்லை, இடம் மாறியது. முதல் உரிமையாளர் பெல்ட் மாற்றும் தேதிக்கு முன்பே வண்டியை விற்றுவிடலாம். இரண்டாவது ஆளும் தள்ளிப்போடலாம். கடைசியில் இருப்பதிலேயே குறைந்த விலைக்கு வாங்கியவர் தலையில்தான் அது விழுகிறது, அதாவது செலவழிக்க வசதி குறைந்தவர் தலையில். ஆர்.சி. புத்தகத்தில் பழைய லோன் இருந்தால் தெரியும். இந்தக் கடன் எந்தக் காகிதத்திலும் தெரியாது.

எனவே பழைய பெல்ட் கார் வாங்கினால்:

1. மாற்றியதற்கு பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வரும் என்று தெரிந்த நஷ்டத்துக்கு முன்பே ஒதுக்கி வை என்பது கணக்கியலின் பால பாடம். பெல்ட் மாற்றும் செலவை வண்டி விலையில் கழித்துப் பேரம் பேசுங்கள்.

2. உங்கள் காரின் கையேடு சொல்லும் எண்ணே இறுதி. பழைய கார்களுக்குப் பொதுவாக அது 60,000 முதல் 1,00,000 கி.மீ. வரை அல்லது சுமார் 5 முதல் 7 ஆண்டுகள் என்று இருக்கும்.

3. ஆயில் சீல் கசிந்து பெல்ட் நனைந்திருந்தால் எண்ணைப் பார்க்காதீர்கள், உடனே மாற்றுங்கள். எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும்.

4. டென்ஷனரையும், அதே பெல்ட்டில் ஓடுமானால் வாட்டர் பம்பையும் சேர்த்தே மாற்றுங்கள். பெல்ட் விலை சின்னது, அதை எட்டுவதற்கான லேபர்தான் பெரியது. அதை இரண்டு முறை கொடுப்பானேன்?

அறுபது ஆண்டுகளாக இந்தப் பட்டை நமக்குச் சத்தமில்லாத இன்ஜினைக் கொடுத்தது. சத்தம் போடாததற்கு விலைதான் அந்தத் தேதி. அதை நாம்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும், பெல்ட் ஞாபகப்படுத்தாது.