மாமல்லபுரத்துப் பூனை ஈஸ்டர் எக் இல்ல

மாமல்லபுரம் போய்ட்டு வந்த எல்லார் போன்லயும் அந்தப் பூனை இருக்கும். அர்ஜுனன் தபசு பாறையில, பெரிய யானைக்குப் பக்கத்துல, பின்னங்கால்ல நின்னுக்கிட்டு முன்னங்கால் ரெண்டையும் தலைக்கு மேல தூக்கித் தவம் பண்ற பூனை. சுத்தி எலிங்க. என் கூட வேலை பார்க்கிறவங்களைக் கூட்டிட்டுப் போனா, யாராவது ஒருத்தர் கட்டாயம் சொல்லுவாங்க: "மச்சி, இது ஈஸ்டர் எக்டா!"

இல்லைன்னு நான் சொல்றேன். அந்த ஊர்ல ஈஸ்டர் எக் இருக்கு. ஆனா அது பூனை இல்ல.

ஈஸ்டர் எக்னா, ப்ரோக்ராமர்கள் சாஃப்ட்வேருக்குள்ள சொல்லாம ஒளிச்சு வைக்கிற குறும்பு. அந்தப் பேர் வந்தது அட்டாரி கம்பெனியில. 1970-களோட கடைசியில வாரன் ராபினெட்னு ஒரு இன்ஜினியர், 'அட்வென்ச்சர்'னு ஒரு வீடியோ கேமைத் தனி ஆளா எழுதினார். மொத்த கேமும் 4 கேபி ரோம்ல. இந்த எபிசோடோட தம்ப்நெயிலே அதை விடப் பெருசு. அட்டாரியில அப்போ கேம் எழுதினவங்க பேரை எங்கேயும் போட மாட்டாங்க, ராயல்டியும் கிடையாது. ராபினெட் என்ன பண்ணார்? கண்ணுக்கே சரியாத் தெரியாத ஒரே ஒரு சாம்பல் புள்ளியை கேமுக்குள்ள வெச்சார். அதைக் கண்டுபிடிச்சு எடுத்துட்டுச் சரியான இடத்துக்குப் போனா, ஒரு ரகசிய அறை திறக்கும். உள்ள 'இதை உருவாக்கியது வாரன் ராபினெட்'னு எழுதியிருக்கும். யார்கிட்டயும் சொல்லாமலே வேலையை விட்டுப் போயிட்டார்.

அமெரிக்காவுல ஒரு பையன் அந்த அறையைக் கண்டுபிடிச்சு அட்டாரிக்கு லெட்டர் போட்டப்புறம்தான் கம்பெனிக்கே விஷயம் தெரியும். ரோமை மாத்திப் புதுசா அடிக்கிறது செலவு. அதனால அட்டாரியோட ஸ்டீவ் ரைட், விடுங்க, இனிமே இதையே ஒரு விளையாட்டா வெச்சுக்கலாம், ஈஸ்டர் முட்டை தேடுற மாதிரின்னு சொன்னார். பேர் ஒட்டிக்கிச்சு. ஒண்ணு கவனிங்க: அது ஜோக்காப் பிறக்கல. கையெழுத்தாப் பிறந்தது. அதே காலத்துல, 1979-ல, இதே மாதிரிப் பேர் கிடைக்காத கோபத்துல நாலு அட்டாரி ப்ரோக்ராமர்கள் வெளியே வந்து ஆக்டிவிஷனைத் தொடங்கினாங்க. அங்கே கேம் எழுதினவங்க பேரை வெளிப்படையாவே போட்டாங்க.

இப்ப பூனைக்கு வருவோம். கதை மகாபாரதத்துல, உத்தியோக பர்வத்துல இருக்கு. கங்கைக் கரையில ஒரு பூனை கையைத் தூக்கித் தவம் இருக்கு. எலிங்க நம்பி அடைக்கலம் கேக்குது. தவத்துல உடம்பு தளர்ந்துபோச்சு, தினமும் என்னை ஆத்துக்குக் கொண்டுபோங்கன்னு பூனை சொல்லுது. பூனை பெருத்துக்கிட்டே போகுது, எலிங்க குறைஞ்சுக்கிட்டே வருது. கடைசியில ஒரு எலி கண்டுபிடிக்கிற விதம் இருக்கே, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்: பழமும் கிழங்கும் மட்டும் தின்னா, மலத்துல முடி எப்படி வரும்? எலி லாக் ஃபைலைப் பார்த்துடுச்சுங்க!

அந்தப் பாறை ஏறக்குறைய 29 மீட்டர் நீளம், 13 மீட்டர் உயரம். நடுவுல ஒரு பிளவு, அதுதான் கங்கை. இடது பக்கம் ஒத்தைக் கால்ல நிஜத் தவசி, வலது பக்கம் போலித் தவசி. அவர் அர்ஜுனனா பகீரதனாங்கிற சண்டை இன்னும் ஓயல. அது வேற எபிசோட்.

பூனையை ஏன் ஈஸ்டர் எக் இல்லைன்னு சொல்றேன்? புடைப்புச் சிற்பம்ங்கிறது கழித்தல் கணக்கு. எது வெளியே தள்ளி நிக்கணுமோ, அந்தக் கல்லை ஆரம்பத்துலயே விட்டு வெச்சுட்டு, சுத்தி இருக்கிறதைத்தான் வெட்டி எடுக்க முடியும். ராத்திரியோட ராத்திரியா யாரும் பூனையைச் சேர்த்திருக்க முடியாது. முதல் வரைபடத்துலயே அது இருந்திருக்கணும். பார்க்க வேண்டியவங்க பார்த்து, சிரிச்சு, சரின்னு சொல்லியிருக்கணும்.

அந்த அரசவைக்கு இந்த ஜோக் புதுசும் இல்ல. இந்தச் சிற்பத்தைப் பல அறிஞர்கள் 7-ம் நூற்றாண்டு நரசிம்மவர்மன் காலத்துலதான் வைக்கிறாங்க. அவரோட அப்பா மகேந்திரவர்மன் எழுதின 'மத்தவிலாசம்' காஞ்சிபுரத்துல நடக்கிற காமெடி நாடகம். குடிகாரக் காபாலிகன் ஒருத்தன் தன் கபாலத்தைத் தொலைச்சுட்டு, ஒரு புத்த பிக்குதான் திருடினார்னு சண்டை போடுவான். எடுத்தது என்னவோ ஒரு நாய். போலிச் சாமியார் ஜோக் அங்கே அரசாங்கச் செலவுல ஓடுது. ஆக, பூனை அப்ரூவ் ஆன ஃபீச்சர்.

அப்ப கையெழுத்து எங்கே? தர்மராஜ ரதத்துல பாருங்க, ராஜாவோட பட்டப் பேர்களா வெட்டியிருக்கும். ஸ்பான்சர் பேர் பில்டிங் பூரா. செதுக்கினவங்க பேரைப் பார்க்கணும்னா ஊருக்கு வெளியே வரணும். செங்கல்பட்டுல இருந்து திருக்கழுக்குன்றம் வழியா பஸ்ல வந்தா, மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி பூஞ்சேரி வரும். அங்கே ஒரு பாறையில சில பேர்கள் வெட்டியிருக்கு. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், இப்படி. இந்த வேலைகளைச் செஞ்ச சிற்பிகள்னு ஆய்வாளர்கள் எடுத்துக்கிறாங்க. டிக்கெட் வாங்கிப் பார்க்கிற கூட்டம் அந்தப் பக்கம் திரும்பறதே இல்ல. ராபினெட்டோட ரகசிய அறைக்குக் கிட்ட வர்றது இதுதான்னு எனக்குத் தோணுது.

ஒளிஞ்சு கையெழுத்துப் போடுறதுல ஒரு ஆபத்தும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். எக்செல் 97-க்குள்ள ஒரு விமானம் ஓட்டுற கேமே இருந்துச்சு. பறந்து போனா, எழுதினவங்க பேர் ஓடும். ஜாலிதான். ஆனா டெஸ்ட் பண்ணாத, ஆவணத்துல இல்லாத கோட் ஒரு அரசு அலுவலகக் கணினியில உட்கார்ந்திருந்தா? இந்தக் கேமை வெச்சவங்களால வேற எதை வெச்சிருக்க முடியும்? 2002-ல பாதுகாப்புதான் முதல்லன்னு மைக்ரோசாஃப்ட் முடிவெடுத்தப்ப, இந்த விளையாட்டுக்கும் கதவு மூடிருச்சு. புரொடக்ஷனுக்குக் கோட் அனுப்புறவனா, அந்த முடிவு சரின்னுதான் சொல்லுவேன். ஆனா விளையாட்டோட சேர்ந்து பேரும் போயிடுச்சு. இன்னைக்கு உங்க போன்ல இருக்கிற பெரும்பாலான ஆப்பை யார் எழுதினாங்கன்னு உங்களால சொல்ல முடியாது. என் கோடும் அதுல எங்கேயோ ஓடுது.

பூஞ்சேரிப் பாறையில எனக்கு ரொம்பப் பிடிச்சது பெருந்தச்சன் பேர் கூட இல்ல. அந்தப் பேர்கள்ல ஒருத்தர் கொல்லன். கருங்கல்லை வெட்ட வெட்ட உளி மழுங்கும். உலையில வெச்சு அடிச்சுக் கூர் போட்டுக் கொடுக்க எந்நேரமும் ஒரு ஆள் வேணும். அவர் செதுக்கினதுன்னு காட்ட ஒரு யானை கூட இருக்காது, ஒரு எலி கூட இருக்காது. டூலிங் டீம்ல இருக்கிறவங்களுக்கு நான் சொல்றது புரியும். அவர் பேரையும் யாரோ மறக்காம வெட்டியிருக்காங்க.