டிரம்பெட் நத்தை, சிக்லிட் தொட்டியில்

மலேசியன் டிரம்பெட் நத்தை (மெலனாய்டிஸ் டியூபர்குலேட்டா) தியாரிடே குடும்பத்தைச் சேர்ந்த நன்னீர் நத்தை. ஓடு நீண்டு கூர்ந்த கூம்பு வடிவினது. பெரும்பாலும் 2 முதல் 3 செ.மீ. நீளம். பகலில் மணலுக்குள் புதைந்து கிடந்து, விளக்கணைந்த பின் வெளிவரும். சிக்லிட் மீன் வளர்ப்போர் அடிமணலைக் கிளறிவிடுவதற்காக இதை வளர்க்கின்றனர்.

இந்நத்தையை முதலில் விவரித்தவர் டென்மார்க் நாட்டு இயற்கையறிஞர் ஓட்டோ பிரெடரிக் மியுல்லர். 1774இல் 'நெரிட்டா டியூபர்குலேட்டா' எனப் பெயரிட்ட அவர், இது கிடைத்த இடமாகச் சோழமண்டலக் கரையைக் குறித்தார். தரங்கம்பாடியில் டேனியர் கோட்டை வைத்து வாணிகம் செய்துவந்த காலம் அது. உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் ஊரும் ஓர் உயிரின் அறிவியல் பெயர் நம் கரையோரத்து ஓட்டிலிருந்து பிறந்தது என்பது பெருமைக்குரிய செய்தி. மெலனாய்டிஸ் என்ற பேரினத்தை 1804இல் பிரெஞ்சு அறிஞர் ஒலிவியே அமைத்தார். ஆயினும் 19ஆம் நூற்றாண்டில் 'மெலானியா' என்ற பெயரின்கீழ் இதன் பல வடிவங்கள் தனித்தனி இனங்களாக எழுதப்பட்டன. இக்குழப்பத்துக்கு வேர் இனப்பெருக்க முறையில் இருக்கிறது. பெண் நத்தை பெரும்பாலும் ஆணின் துணையின்றியே குஞ்சு ஈனும். முட்டைகள் தாயின் உடலிலுள்ள அடைகாப்புப் பையில் பொரிந்து, ஓடு முளைத்த குஞ்சுகளாகவே வெளிவரும். குஞ்சுகள் தாயின் அச்சு என்பதால் ஒரு குளத்து நத்தைகளின் கோலம் தலைமுறைகளுக்கு மாறாது. அடுத்த குளத்தினது வேறாக இருக்கும். ஓட்டை மட்டும் பார்த்தவர்கள் ஒன்றைப் பலவாக எண்ணியது இயல்பே.

கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி, தங்கனீக்கா ஏரிச் சிக்லிட்களுக்குக் கடினமான காரநீர் வேண்டும். சுண்ணச்சத்து மிகுந்த அந்நீரில் நத்தை ஓடும் அரிக்கப்படாமல் உறுதியாக வளரும். இந்த இணக்கமே இவ்வளர்ப்பின் அடிப்படை. நத்தை தலைநீட்டும்போது மலாவியின் பாறைவாழ் 'ம்பூனா' மீன்கள் உணர்கொம்பைக் கொத்துவதுண்டு. நத்தை உள்ளிழுத்துக்கொண்டு மூடியால் வாயை அடைத்துவிடும். புதைவதற்கு நுண்மணலே ஏற்றது, பெருங்கூழாங்கல் பயன்படாது. இடுக்கில் விழும் மீதித் தீனியை இது தேடித் தின்னும். மணலும் இறுகாமல் இளகி நிற்கும். நத்தையை ஓட்டோடு நொறுக்கும் தொண்டைப் பற்களுடைய மலாவி மீன் 'டிரெமட்டோகிரானஸ் பிளாகோடான்' இருக்கும் தொட்டியில் இவை இரையே.

நத்தைகள் பெருகுவது தொட்டியின் குற்றமன்று, தீனி மிகுதியின் விளைவு. தீனியைக் குறைத்தால் எண்ணிக்கை படிப்படியாகத் தணியும். செம்புச் சேர்மங்கள் நத்தைகளுக்குக் கொடும் நஞ்சு. மீனுக்கான மருந்தில் செம்பு உண்டா என்று பார்த்தே ஊற்ற வேண்டும்.

ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இயல்பாக வாழும் இவ்வினம், மீன்தொட்டி வணிகத்தின் வழியாக அமெரிக்க நாடுகளிலும் பரவியது. மலாவி ஏரியிலேயே ஆசிய மரபுவழி ஒன்று குடியேறியிருப்பதை 2004இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது; உள்ளூர் மெலனாய்டிஸ் இனங்களோடு தோற்றம் ஒத்திருந்ததால் அது கண்ணில் படாமலிருந்தது. தட்டைப்புழு ஒட்டுண்ணிகள் சிலவற்றுக்கும் இந்நத்தை இடைநிலை ஓம்புயிர். ஆகவே தொட்டி நீரையோ மணலையோ குளத்திலும் வாய்க்காலிலும் கொட்டக் கூடாது.