கூடாரக் காசும் கோட்டை ஆணையும்

மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1791 ஜூலையில், ஓசூர், ராயக்கோட்டைப் பகுதிகளோடு அஞ்செட்டி துர்க்கமும் கும்பெனிப் படையின் வசமானது. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகால் பகுதி கும்பெனிக்குக் கைமாறியபோது, சென்னை சிவில் அதிகாரிகளுக்கு நாட்டு மொழி அறிவு போதாது என்று கருதிய காரன்வாலிஸ், கேப்டன் அலெக்சாண்டர் ரீடையும் தாமஸ் மன்றோ உள்ளிட்ட மூன்று ராணுவ உதவியாளர்களையும் வரிவசூலுக்கு அமர்த்தினார். கவர்னர் ஜெனரல், தலைமைத் தளபதி ஆகிய இரு பதவிகளும் அவர் ஒருவரிடமே இருந்ததால், யார் உத்தரவு பெரிது என்ற வழக்குக்கு அப்போது இடமிருக்கவில்லை.

கவர்னர், தலைமைத் தளபதி ஆகிய பதவிகள் இருவரிடம் இருந்த சென்னையில் அந்த வழக்கு 1808-09இல் முற்றியது. பட்டாளத்தை நடத்தும் வெள்ளை அதிகாரிக்கு, கூடாரங்களைப் பராமரிப்பதற்காக, போர்க்காலம், அமைதிக்காலம் என்ற பேதமின்றி மாதந்தோறும் ஒரே தொகை வழங்கும் முறைக்குக் ‘கூடார ஒப்பந்தம்’ என்று பெயர். படை பாசறையிலேயே இருந்தால் செலவு குறைந்து மிச்சம் அதிகாரிக்குச் சேரும் என்பதால், அவருடைய ஆதாயம் கடமைக்கு எதிராகத் திரும்பக்கூடும் என்று, படையின் தங்குமிடம், பயண ஏற்பாடுகளைக் கவனித்த குவார்ட்டர் மாஸ்டர் ஜெனரல் ஜான் மன்றோ (மேற்சொன்ன மன்றோ அல்லர்) அறிக்கை தந்தார். கவர்னர் ஜார்ஜ் பார்லோ அந்த முறையை 1808இல் ஒழித்தார்.

தங்கள் நேர்மை பழிக்கப்பட்டதாகக் கொதித்த அதிகாரிகளின் புகாரை ஏற்று, தமக்கு முன்பிருந்தவர்களுக்குக் கிடைத்த ஆலோசனைச் சபை இடம் மறுக்கப்பட்டதால் ஏற்கெனவே மனம் கசந்திருந்த தலைமைத் தளபதி ஹே மக்டவல், 1809 ஜனவரியில் மன்றோவைக் காவலில் வைத்தார். மன்றோ நேரே கவர்னரிடம் முறையிட, கவர்னர் அவரை விடுவிக்க உத்தரவிட்டார். மக்டவல் பணிந்தாரெனினும், தளபதியைத் தாண்டி சிவில் அரசை அணுகியது ராணுவ ஒழுங்கை மீறிய செயல் என்று மன்றோவைக் கண்டித்துப் பொது ஆணை பிறப்பித்துவிட்டுக் கப்பலேறினார். அந்தக் கப்பல் கரைசேரவே இல்லை. பார்லோவோ, மக்டவலைப் பதவிநீக்கியதோடு, ஆணையில் தளபதியின் சார்பாக ஒப்பமிட்ட மேஜர் போல்ஸையும் இடைநீக்கம் செய்தார்.

மேலதிகாரியின் ஆணையில் ஒப்பமிட மறுத்தால் ராணுவக் குற்றம், ஒப்பமிட்டால் அரசுக் குற்றம் என்ற இந்த இக்கட்டே படையதிகாரிகளைக் கொந்தளிக்க வைத்தது. மசூலிப்பட்டணத்திலும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் வெள்ளை அதிகாரிகளே கலகம் செய்தனர். ஆகஸ்டில், சித்திரதுர்க்கத்திலிருந்து கலக அதிகாரிகள் நடத்திவந்த சிப்பாய்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கும்போது அரசுப் படையாலும் மைசூர்க் குதிரைப்படையாலும் தாக்கப்பட்டுப் பலர் மாண்டனர்.

பதவியிழந்த அதிகாரிகளில் பலர் பின்னாளில் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். ஜான் மன்றோ திருவிதாங்கூரின் ரெசிடெண்டாகவும் திவானாகவும் உயர்ந்தார். கூடாரக் காசில் ஒரு தம்பிடியும் பெறாத சிப்பாய்களுக்கோ, மீள வழியிருக்கவில்லை.

(தொடரும்)