கடைப்பிடியும் கருணையும்

திண்டுக்கல்லிலிருந்து பழநிக்குச் செல்லும் சாலையில் அமைந்த ரெட்டியார்சத்திரத்தின் பெயரிலேயே ஓர் அறம் தங்கியிருக்கிறது. வழிநடப்போர்க்கு இளைப்பாற இடமளித்ததே சத்திரம். அவ்வாறு பிறர் பசியும் களைப்பும் தீர்ப்பதையே அறத்தின் தலைவாயிலாக வைத்துப் பாடப்பெற்ற தமிழ்க் காப்பியம் மணிமேகலை. உ. வே. சாமிநாதையர் அதனை 1898ஆம் ஆண்டில் பதிப்பித்த காலத்தில், அதன் பௌத்தச் சொற்களுக்குப் பொருள் கூறவல்லார் தமிழகத்தில் மிக அரியராயினர்.

அச்சமயத்தின் தலையாய சொற்களுள் ஒன்று பாலியில் 'சதி' எனப்படும். தமிழ்ச் செவிக்கு அது வஞ்சனையாக ஒலிப்பது மொழி செய்த விளையாட்டு. வடமொழி 'ஸ்மிருதி'யின் இனச்சொல்லாகிய அதற்கு நினைவு என்பதே வேர்ப்பொருள். எண்வகை நெறியுள் ஏழாவதாகிய இதனைத் தமிழில் நற்கடைப்பிடி என வழங்குவர். கடைப்பிடியாவது கொண்ட பொருளை மறவாமை என்பது பழைய உரையாசிரியர் கருத்து. இத்துணைப் பொருந்திய பெயர்ப்பு வேற்று மொழிகளில் வாய்த்ததா என்பது ஐயமே.

எதனை மறவாமை? காப்பியத்தின் போக்கே இதற்கு விடை கூறுகிறது. அமுதசுரபியில் ஆதிரை முதற்பிச்சை இடுகிறாள், காயசண்டிகையின் யானைத்தீ தணிகிறது, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. மணிமேகலை காஞ்சியில் அறவண அடிகளிடம் தருமம் கேட்டு நோன்பு பூணுவதோ இறுதிக் காதைகளில். பிறர் பசியை மறவாதவளுக்கே மெய்ப்பொருள் உரைக்கப்படுகிறது.

காஞ்சியில் தாம் தங்கியிருந்ததை உரைநூல் ஒன்றில் குறிக்கும் புத்தகோசர், 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் விசுத்திமக்கம் இயற்றினார். கருணைக்கு இரு பகைகள் உண்டு என்கிறார் அவர். கொடுமை சேய்மைப் பகை. அது யாவர்க்கும் தெரியும். அண்மைப் பகையோ துயரம். பிறர் துன்பம் கண்டு தானும் துயரில் அமிழ்வது கருணை போலவே தோன்றும்; கருணை அன்று. உளநூலார் பல நூற்றாண்டு கழித்தே எட்டிய நுட்பம் இது.

மேல்நாட்டுக்கு இச்சொல் சென்றதும் ஈழத்து வழியேதான். இலங்கையில் ஆங்கில அரசின் அலுவலராக இருந்து பாலி பயின்ற ரைஸ் டேவிட்ஸ், 1881இல் வெளிவந்த தம் மொழிபெயர்ப்பில் அதனை 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்றார். கண்டியில் வாழ்ந்த ஜெர்மானியத் துறவி ஞானபோனிக தேரர் 1954இல் வெளியிட்ட நூலில் கலப்பற்ற வெறுங்கவனத்தை விளக்கினார். நால்வகைப் பிரமவிகாரங்களையும் அவர் விடாது எழுதியவர். பின்வந்தோர் பலர் முன்னதையே பற்றினர். 1979இல் மாசசூசெட்ஸ் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-சின் தொடங்கிய பயிற்சி, தீரா வலியுற்றோர்க்குப் பெருந்துணையாயிற்று. எனினும் பரவப் பரவ, நினைவு என்ற வேர் தேய்ந்து, இக்கணத்தை நோக்குதல் என்ற அளவில் அது சுருங்கிற்று.

விடுபட்டதைத் தேடியவர்கள் மருத்துவர்களே. தன்னைத்தான் இகழ்ந்துகொள்ளும் நோயாளர்கள் சரியான எண்ணங்களை அறிந்தும், அவற்றைத் தமக்குள் கடுங்குரலிலேயே சொல்லிக்கொள்வதை இங்கிலாந்தின் பால் கில்பர்ட் கண்டார். கருணையை மையமாகக் கொண்ட சிகிச்சையை வகுத்தார். 2003இல் கிறிஸ்டின் நெஃப் தன்மீதான கருணையை அளக்கும் வினாநிரலை வெளியிட்டார். 2014இல் வெளியான கிளிமெக்கி, சிங்கர் ஆகியோரின் ஆய்வு இன்னும் வியப்புக்குரியது. பிறர் துயரை உடனுணரப் பழகியோரிடம் மனவேதனை மிகுந்தது. அவர்களே பின்னர்க் கருணை பழகியபோது வேதனை தணிந்தது, இனிய உணர்வு வளர்ந்தது. புத்தகோசரின் அண்மைப் பகை ஆய்வுக்கூடத்தில் அகப்பட்டதெனலாம். பிறர் துயரைச் சொல்லாக்கும் கவிஞர்க்கும் இவ்வேறுபாடு அயலன்று.

இவ்வரலாற்றின் ஒரு வளைவு திண்டுக்கல் மாவட்டத்திலேயே முடிகிறது. ஜப்பானில் யமாதா கோஉன் என்னும் ஆசானிடம் ஜென் பயின்ற இயேசு சபைத் துறவி ஆமா சாமி, 1996இல் கொடைக்கானலை அடுத்த பெருமாள்மலையில் போதி ஜெண்டோவை நிறுவினார். காஞ்சியிலிருந்து கீழ்த்திசை சென்றதாக மரபு கூறும் போதிதருமரின் தியானம், ஜப்பான் சுற்றித் தமிழ்மலைக்கு வந்தது. அம்மரபினர் ஓதும் உறுதிமொழிகள் நான்கு. எண்ணற்ற உயிர்கள் அனைத்தையும் கரையேற்றுவது அவற்றுள் முதலாவது. தன் மயக்கத்தை அறுப்பது அதற்கு அடுத்தது.