அப்பத்தா பார்த்த பராசக்தி



தமிழ்த் திரைப்படம் பக்தியை வளர்த்ததா, குலைத்ததா என்பது தலைப்பு. குலைத்தது என்று பேச வந்த எதிரணித் தம்பி, எடுத்த எடுப்பிலேயே 'பராசக்தி'யைக் கையில் எடுத்தார். தம்பி, அந்தப் படம் வந்தது 1952 அக்டோபர் 17, தீபாவளி அன்றைக்கு! எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு, சாமி கும்பிட்டு, எங்க பக்கத்து வெடியை வெடிச்சுட்டுத்தான் ஜனங்க கொட்டகைக்குப் போனாங்க. (சிரிப்பு)

நான் காரியாபட்டிக்காரன். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகிற வழியில் இருக்கிற ஊர். எங்க அப்பத்தா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, கோயில் வாசலோடு நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தவள். உள்ளே போகக் கூடாது.

இது எங்க வீட்டுக் கதை மட்டுமா? கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தது 1897-இல். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1908-இல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராகத்தான் வந்தது. நடுவில் 1899-இல் சிவகாசிக் கலவரம். அதற்கும் மூலம் கோயில் நுழைவு உரிமைதான். நடுவர் அவர்களே, எந்த ஊரில் கோயிலுக்குள் விட மாட்டோம் என்று வெட்டுக்குத்து நடந்ததோ, அந்தச் சிவகாசிதான் இன்றைக்கு இந்தியா முழுவதற்கும் சாமி படம் போட்டுக் காலண்டர் அச்சடித்து அனுப்புகிறது! (கைதட்டல்)

1939 ஜூலை 8-இல் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனார். 1947-இல் மாகாணம் முழுவதற்கும் சட்டம் வந்தது. அதற்கு ஐந்தே வருஷம் கழித்து வருகிறது 'பராசக்தி'. கலைஞர் வசனம்; கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம்; சிவாஜிக்கு முதல் படம்.

பெரியபுராணத்து நந்தனார் தில்லைக்குள் போக வேண்டுமானால் தீயில் இறங்க வேண்டும். அங்கே சோதனை பக்தனுக்கு. 'பராசக்தி'யில் கல்யாணி, கைக்குழந்தையோடு பசித்து வந்த விதவை. அடைக்கலம் என்று கோயிலுக்கு வந்தவளிடம் பூசாரி தகாத முறையில் நடக்கிறான். இங்கே சோதனை கோயிலுக்கு! யார் உள்ளே வரலாம் என்று கேட்டது பழைய காலம். உள்ளே இருக்கிறவன் யோக்கியனா என்று கேட்டது இந்தப் படம்.

"கல்லைக் கல் என்று சொன்னதே" என்பார் எதிரணித் தம்பி. சொன்னது, மறைக்கவில்லை. எழுதியவர் பகுத்தறிவுக்காரர். படத்தைத் தடை செய் என்றுகூடக் குரல் எழுந்தது. ஆனால் கல்லைக் கல் என்று சொன்னது அவர்தான் முதலாவதா? சிவவாக்கியர் சொல்லவில்லையா? அவரைச் சித்தர் என்று கும்பிடத்தானே செய்கிறோம்!

எங்க அப்பத்தா அப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு டூரிங் டாக்கீஸில் மணலில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தவள். நான் ஒருநாள் கேட்டேன்: "ஏன் அப்பத்தா, சாமியத் திட்டுற படமாமே, உனக்குக் கோவம் வரலையா?"

அவள் சொன்னாள்: "அவன் எங்கடா ஆத்தாளத் திட்டுனான்? ஆத்தாளுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு இருக்கவனல்லடா திட்டுனான்! நான் வாசல்ல நின்னப்ப எனக்குக் கேக்கத் தெரியல. அந்தப் பய கேட்டுப்புட்டான்." (பலத்த கைதட்டல்)

மறுநாள் விடியக்காலையில் குளித்துவிட்டு அதே கோயிலுக்குப் போனாளாம். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை.

அந்தக் குடும்பம் கடைசியில் அநாதைகளுக்கு ஒரு விடுதி திறப்பதோடு படம் முடிகிறது. கோயில் கொடுக்காத அடைக்கலத்தை மனிதன் கொடுக்கிறான். அதையும் பக்தி என்றுதான் எங்க அப்பத்தா சொல்லுவாள். அவள் கட்சிதான் என் கட்சி. கேள்வி கேட்டதால் அவள் பக்தி குலையவில்லை. கூசி நின்ற பக்தி நிமிர்ந்து உள்ளே போனது என்று கூறி அமர்கிறேன்.