உமார் கய்யாம்

உமார் கய்யாம் (1048–1131) பாரசீகக் கணிதவியலாளர், வானியலாளர், மெய்யியலாளர், கவிஞர். இன்றைய ஈரானின் வடகிழக்கிலுள்ள நிசாப்பூரில் பிறந்து அங்கேயே மறைந்தார். மெய்யியலில் இப்னு சீனாவின் வழியைப் பின்பற்றியவர்.

1070ஆம் ஆண்டளவில் சமர்கந்தில் வாழ்ந்த அவரை அந்நகரின் தலைமை நீதிபதி அபூ தாகிர் ஆதரித்தார். அங்கு அரபு மொழியில் எழுதிய இயற்கணித நூலே அவருடைய தலைசிறந்த அறிவியல் படைப்பு. முப்படிச் சமன்பாடுகளை அதில் முறையாக வகைப்படுத்தி, வட்டம், பரவளையம், அதிபரவளையம் ஆகியவை வெட்டிக்கொள்ளும் புள்ளிகளைக் கொண்டு தீர்வு கண்டார். எண்முறையில் பொதுத் தீர்வு தமக்கு எட்டவில்லை என்றும், பின்வருவோர் அதைக் காணக்கூடும் என்றும் குறித்தார். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கணிதவியலாளர்கள் அதைக் கண்டனர்.

1074இல் செல்யூக் சுல்தான் மாலிக் ஷாவும் அமைச்சர் நிசாமுல் முல்க்கும் அவரை இசுபகானுக்கு அழைத்தனர். நாட்காட்டியைச் சீர்திருத்திய வானியலாளர் குழுவில் அவர் முதன்மை பெற்றார். 1079இல் நடைமுறைக்கு வந்த ஜலாலி நாட்காட்டி, வேனிற்காலச் சமஇரவு நாளை ஆண்டுத் தொடக்கமாக நிலைநிறுத்தியது. ஈரானின் இன்றைய நாட்காட்டியும் இதன் வழிவந்ததே. 1077இல் கய்யாம் யூக்ளிடின் இணைகோட்டு எடுகோளை ஆராய்ந்து நூல் இயற்றினார். அதில் அவர் எடுத்துக்கொண்ட நாற்கரம், 1733இல் இத்தாலியக் கணிதவியலாளர் சாக்கேரி எழுதிய நூலில் மீண்டும் இடம்பெற்றது.

1092இல் நிசாமுல் முல்க் கொல்லப்பட்டார். அதே ஆண்டில் சுல்தானும் இறந்தார். அரச ஆதரவு நின்றதால் வானாய்வுப் பணியும் நின்றது. கய்யாம் மெக்காவுக்குப் புனிதப் பயணம் சென்றார். பின்னாளில் மெர்விலும் நிசாப்பூரிலும் வாழ்ந்தார்.

கய்யாமின் பெயரில் வழங்கும் ‘ரூபாயாத்து’ எனப்படும் பாடல்கள் நான்கடிச் செய்யுள்கள். பெரும்பாலும் முதல், இரண்டாம், நான்காம் அடிகள் இயைபு பெற்றவை. வாழ்வின் நிலையாமை, படைப்பின் புதிர், கைக்கு எட்டிய நேரத்தின் அருமை ஆகியன இவற்றின் பாடுபொருள். கய்யாமை நேரில் அறிந்த நிசாமி அரூசி தம் ‘சகார் மகாலா’ நூலில் அவரைக் கவிஞர் பகுதியில் வைக்கவில்லை. வானியலாளர் பகுதியிலேயே வைத்தார். கய்யாமின் பெயரில் பாடல்கள் சுட்டப்படுவது அவர் மறைந்து பல பத்தாண்டுகள் கழிந்த பிறகே. காலப்போக்கில் பிறர் பாடல்களும் சேர்ந்து தொகுப்பு பெருகியதால், எவை அவருடையவை என்பதில் அறிஞரிடையே உடன்பாடு இல்லை.

1851இல் கணித வரலாற்றாய்வாளர் வூப்கே கய்யாமின் இயற்கணித நூலைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் பாரிசில் பதிப்பித்தார். எனினும், 75 பாடல்களைக் கொண்டு 1859இல் வெளிவந்த எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆங்கில ஆக்கமே கய்யாமுக்கு உலகப் புகழ் தேடித் தந்தது. அதைத் தழுவிக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தமிழில் ‘உமார் கய்யாம் பாடல்கள்’ இயற்றினார்.